நாற்காலிச் சின்னம் மருதப்பன்

"அதெல்லாம் சரிங்க. என் கடையை மட்டும் இதுல இழுக்கக் கூடாது."

"யாரு இழுக்கறா? உன் கடை உன் பாட்டுக்கு இருக்கட்டும். நான் என் பாட்டுக்கு நிக்கறேன்."

"நிக்கறதும் உக்காரறதும் உங்க இஷ்டம். கடைப் பேரு நோட்டீஸ்ல வரக் கூடாது. கடைச் சட்டி கரண்டி வெளிய போகக் கூடாது. நானும் எங்கயும் வந்து யாரையும் கும்பிட மாட்டேன்."

"உன்னை யாரு கும்பிடச் சொன்னா? நீ தலை காட்டாம இருந்தாலே எனக்குப் பெரிய உதவி."

"சத்தியமா?"

"முருகன் மேல சத்தியம். போதுமா? இன்னொரு தோசை வை."

பூவம்மா தோசையை வைத்தாள். கெர்போ ரோட்டில் இருந்த அவளுடைய சாப்பாட்டுக்கடை இன்னும் திறக்கவில்லை. வாசல் பலகைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுந்து, சுவரில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தில் பட்டது. அந்தச் சட்டத்துக்குள் இருந்தது சாமி இல்லை, நகரசபை கொடுத்த லைசென்சு. அதற்கும் அவள் தினமும் ஒரு ஊதுபத்தி கொளுத்துவாள்.

அதை வாங்க ஆறு வருஷம் ஆயிற்று. முதலில் கூடையில் இட்லி வைத்துச் சந்து முனையில் விற்றாள். அதிகாரிகள் இரண்டு தடவை கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். பிறகு கடை பிடித்தாள். சுகாதார இன்ஸ்பெக்டர் நாலு முறை வந்து சாக்கடையை அளந்தார், புகைக்கூண்டை உயர்த்தச் சொன்னார், ஈக்களை எண்ணினார். கடைசியில் கையெழுத்துப் போடு என்றார். பூவம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஒரு வாரம் அவகாசம் கேட்டு, அடுப்புக்கரியால் சமையலறைத் தரையில் தன் பெயரை எழுதி எழுதிப் பழகிக்கொண்டு போய்ப் போட்டாள். லைசென்சின் அடியில் சற்றுச் சாய்ந்தாற்போல் இருக்கும் அந்த நாலு எழுத்துதான் அவள் வாழ்க்கையில் போட்ட ஒரே கையெழுத்து.

லைசென்சு அவள் பெயரில் இருந்ததற்குக் காரணம் அவள் புருஷன் மருதப்பனின் பெருந்தன்மை இல்லை. அவர் பெயரில் ஏற்கெனவே மூன்று சம்மன் இருந்தன. மிளகாய் மில்லின் தூசிக்கு ஒன்று, எருமைக் கொட்டிலின் நாற்றத்துக்கு ஒன்று, அவருடைய சோடா கம்பெனியின் பாட்டில் ஒன்று தானாக வெடித்து ஒரு தபால்காரரின் மூக்கைப் பதம் பார்த்ததற்கு ஒன்று.

இவை தவிரக் கல்யாணங்களுக்கு நாற்காலியும் பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விட்டார். இழவு வீடுகளுக்குப் பிணம் ஏற்றும் லாரி விட்டார். ஒரு காலத்தில் குடை பழுது பார்த்தார். குடைகள் திரும்பி வந்தன, வாடிக்கையாளர்கள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை: 'மருதப்பன் அண்ட் சன்ஸ்'. அவருக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். 'சன்ஸ்' என்று போட்டால் கம்பெனி நிரந்தரமாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

தேர்தல் யோசனை அவருக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. எருமைக் கொட்டில் விஷயமாக நகரசபை ஆபீசுக்குப் போனவரை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு சலவைக்காரர், அந்தப் பக்கம் கோழிக்கூண்டோடு ஒரு சீனக் கிழவி. கோழி அவர் வேட்டியைக் கொத்தியது. எதிரே கதவு திறந்து திறந்து மூடியது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஆள் யாரையும் காத்திருக்க வைக்கலாம், அவனை யாரும் காத்திருக்க வைக்க முடியாது என்பதை மருதப்பன் அன்று புரிந்துகொண்டார். மக்கள் சேவை என்ற சொல் மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

அது ஐம்பத்தேழாம் வருஷம். டிசம்பரில் நகரசபைத் தேர்தல். அவரை எதிர்த்து நின்றவர் தனசேகரன். இரவுப் பள்ளி வாத்தியார், சைக்கிளில் போகிறவர், போகிற இடமெல்லாம் குழாய்த்தண்ணீரைப் பற்றியே பேசுகிறவர். "குழாயைப் பத்தி எவ்வளவு நேரம்தான் கேப்பாங்க?" என்றார் மருதப்பன்.

அவருக்குத் தேர்தல் ஏஜெண்ட் அப்துல் கையூம். டன்லப் ஸ்ட்ரீட்டில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அச்சடித்து அடித்து, மனிதர்களைப் பற்றி ஒரு நிதானமான அபிப்பிராயத்துக்கு வந்தவர்.

"நாற்காலியா அண்ணே? வேற சின்னமே கிடைக்கலியா?"

"யோசிச்சுப் பாருங்க பாய். எங்கிட்ட ஆயிரத்து இருநூறு நாற்காலி இருக்கு. கல்யாணம், காதுகுத்துன்னு ஊர் பூராச் சுத்துது. முதுகுல என் பேரை அடிச்சுட்டா ஒவ்வொண்ணும் ஒரு நோட்டீஸ்."

"ஆளு உக்காந்தா நோட்டீஸ் மறைஞ்சுடுமே."

"எந்திரிச்சாத் தெரியும்ல?"

"எந்திரிக்கணுமே அண்ணே," என்றார் கையூம். அப்போது அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

பிரசாரத்துக்கு லாரி வேண்டியிருந்தது. மருதப்பனிடம் ஒரே ஒரு லாரிதான் இருந்தது. பதினோரு வருஷமாக அந்த வட்டாரத்துச் செத்தவர்களையெல்லாம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன லாரி. பூ வளைவுகளைக் கழற்றிவிட்டு, நாற்காலிப் படத்தைக் கட்டி, மேலே ஒலிபெருக்கியை ஏற்றினார்கள். அது சிராங்கூன் ரோட்டில் திரும்பியதும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பஃபலோ ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் லாரி நின்றபோது உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்து, "இங்க யாரும் இல்லைங்க! எல்லாரும் நல்லா இருக்கோம்! முன்னாடி போங்க!" என்று கத்தினாள்.

"எவ்வளவு மரியாதை பாத்தீங்களா பாய்? எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க!"

"பாத்தேண்ணே. லாரி போனப்புறம் ஒரு அம்மா வாசல்ல தண்ணி தெளிச்சதையும் பாத்தேன்."

மருதப்பன் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. தேர்தல் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு காரியம்தான். ஒரு கல்யாணம். ஆட்களை அழைக்க வேண்டும், சாப்பாடு போட வேண்டும், வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். வெற்றிலை வாங்கிக்கொண்ட கை வேறு பெயருக்கு நேரே குறி போடாது.

"வாக்காளருக்குச் சோறு போடறது குத்தம் அண்ணே. தேர்தல் விதித் தாள்ல இருக்கு, நானே படிச்சேன்."

"நான் வாக்காளருக்கா போடறேன்? விருந்தாளிக்குப் போடறேன்."

"ரெண்டும் ஒரே ஆளுதானே?"

"இலையில உக்காரும்போது விருந்தாளி. பெட்டிகிட்ட போகும்போது வாக்காளர். நடுவுல ரோடு இருக்கு பாய்."

கையூம் வேறு ஒரு வழி சொன்னார். "அப்ப ஓட்டுப் போட்டுட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் சோறு."

"கூலி குடுக்கற மாதிரி இருக்கும். வயிறு நெறையச் சாப்பிட்டு, வெத்தலை போட்டு, வாய் செவக்கச் செவக்கப் போகட்டும். வெத்தலையை நானே என் கையால குடுப்பேன். வேற ஒரு கை படக் கூடாது. அந்தக் கை ஞாபகம் பெட்டி வரைக்கும் போகும்."

நானூறு பேருக்கு அழைப்பிதழ் அச்சாயிற்று. 'எங்கள் இல்ல விசேஷம்' என்று மட்டும் இருந்தது. என்ன விசேஷம் என்று இல்லை. இடம், மிளகாய் மில்லை ஒட்டிய கிடங்கு. நாள், வாக்குப்பதிவு நடக்கும் சனிக்கிழமை. வாக்குச்சாவடி அமைந்த பள்ளிக்கூடம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை.

ஜோகூரிலிருந்து வருவதாகச் சொன்ன சமையல்காரர் வெள்ளிக்கிழமை வரை வரவில்லை. அன்று மாலை பூவம்மா காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறந்தால் சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. அண்டா இல்லை, குத்துப்போணி இல்லை, சாம்பார் வாளிகள் இல்லை. கடைச் சமையல்காரர்கள் இருவரும் இல்லை. உதவிக்கு இருக்கும் முத்தாயி மட்டும் ஒரு மூலையில் நின்று, "நான் சொல்லிப் பாத்தேன்க்கா" என்றாள்.

பூவம்மா நேரே கிடங்குக்குப் போனாள்.

"சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன். உன் கடைப் பேரு எங்கயாச்சும் வந்துச்சா? பாத்திரம்தானே வந்துச்சு?"

ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் 'பூவம்மா சாப்பாட்டுக்கடை, கெர்போ ரோடு' என்று பெயர் வெட்டியிருந்தது. காணாமல் போனால் கண்டுபிடிக்கத்தான் அவள் பாத்திரக்காரரிடம் ஆழமாக வெட்டச் சொல்லியிருந்தாள். அவள் அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சோத்தைப் பாப்பானா, சட்டியைப் படிப்பானா?" என்றார் மருதப்பன். "இதுல பழி என் மேலயும் வராது, உன் மேலயும் வராது. நீ பின்கட்டுலயே இரு. வாசலுக்கு வராதே. நாமதான் பேசியிருக்கோமே."

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதரின் திருப்தி அவர் முகத்தில் இருந்தது. பூவம்மா அண்டாவின் பக்கம் போனாள். பாத்திரங்களை யாரோ போட்டு நெளிப்பதைவிடத் தான் நின்று பார்த்துக்கொள்வது மேல் என்று பின்கட்டில் தங்கிவிட்டாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஒரு மணிக்குமேல் துறைமுகத்து ஆட்களும் நகரசபைத் தொழிலாளர்களும் குளித்துத் திருநீறு பூசி, சலவை வேட்டியில் வந்தார்கள். வடை, இரண்டு பொரியல், அவியல், சாம்பார், ரசம், பால் பாயசம். ஒரு பந்திக்கு அறுபது பேர். சாப்பிட்டு எழுந்தவர்கள் கைகழுவிவிட்டு, முன்புறம் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வெள்ளித் தட்டில் வெற்றிலை மலைபோல் இருந்தது. மருதப்பன் பட்டு ஜிப்பாவில், பந்தி நடுவே, "கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்கு மில் ஆள் ஒருவன் ஓடிவந்து, பள்ளிக்கூட வாசலில் தனசேகரன் நின்று வருகிறவர்களையெல்லாம் கும்பிடுகிறார் என்றான்.

"தனியாவா?"

"தனியாத்தான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாங்க முதலாளி."

மருதப்பனால் தாங்க முடியவில்லை. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். வெத்தலைத் தட்டை ஒருத்தரும் தொடாதீங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றார். அந்தப் பக்கம் தனசேகரன். ஒருவர் கும்பிட்டால் மற்றவர் இன்னும் குனிந்து கும்பிட்டார். தனசேகரன் போனால் போகலாம் என்று மருதப்பன் நினைத்தார். தனசேகரன் போவதாக இல்லை. இப்போது கிளம்பினால், தன்னுடைய நானூறு பேரும் வரும் நேரத்தில் தான் இல்லாமல், அவர்கள் கண்ணில் அந்த வாத்தியார் மட்டும் படுவாரே? எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நல்ல சாப்பாடு. நேரமாகத்தான் செய்யும். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இருவரும் குடை பிடித்துக்கொண்டு கும்பிட்டார்கள். மருதப்பனின் குடை அவரே பழுது பார்த்தது.

கிடங்கில் கடைசிப் பந்தியும் முடிந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டுக்கு நேரமாவுதே, போவமா?" என்றான் ஒருவன், பாதி எழுந்து.

முன்வரிசையில் துரைசாமி உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது பேரை வேலை வாங்கும் மண்டோர். அவர் திரும்பிப் பார்த்தார்.

"வெத்தலை வாங்கிட்டியா?"

"இல்லீங்க."

"கூப்பிட்டவன் கையால வெத்தலை வாங்காம இலையை விட்டு எந்திரிச்சு ஓடறது எந்த ஊர்ப் பழக்கம்? சோத்துக்குத்தான் வந்தேன்னு ஆயிடும்ல?"

"மண்டோரே, ஓட்டு..."

"எட்டு மணி வரைக்கும் இருக்கு லா. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் 'உங்கள் வேட்பாளர் மருதப்பன்' மறைந்தது.

பின்கட்டில் ஒரு சாக்குத் திரை தொங்கியது. அதன் கிழிசல் வழியாக முத்தாயி பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, அவரு இன்னும் வரலை. வெத்தலை வாடுது. நீங்களே குடுத்துடுங்களேன். வீட்டம்மா குடுத்தா வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

பூவம்மாவும் கிழிசல் வழியாகப் பார்த்தாள். வெள்ளித் தட்டு பத்தடி தூரத்தில் இருந்தது.

"வாசலுக்கு வரக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்காரு."

"அப்ப ஆளை அனுப்பிச் சொல்லிடவா?"

பூவம்மா அடுப்பைப் பார்த்தாள். தணல் இருந்தது. "மழை பெய்யுது. பால் மிச்சம் இருக்கா? எல்லாருக்கும் காபி போடு. நல்லா ஸ்ட்ராங்கா."

காபி வந்ததும் வெளியே ஒரு சந்தோஷ முணுமுணுப்பு எழுந்தது. நல்ல மனுஷன், மழைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்றார்கள். சிலர் இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தார்கள். கால்களை நீட்டிக்கொண்டார்கள்.

வாக்குச்சாவடிக்குள் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த கையூம் ஏழரை மணிக்குத் தாங்க முடியாமல் வெளியே வந்தார். "அண்ணே, நம்ம ஆளுங்க எங்க? என் லிஸ்ட்ல டிக் அடிச்சது ஐம்பதுகூட இல்ல."

"இன்னும் சாப்பிடறாங்க போல பாய்."

"ஆறு மணி நேரமாவா? யானையா அண்ணே அவங்க?"

மருதப்பன் ஓடினார். சேற்றில் பட்டு ஜிப்பா நனைந்து உடம்போடு ஒட்டியது. கிடங்கு வாசலில் நின்று, "கிளம்புங்க! எல்லாரும் கிளம்புங்க! நேரமாச்சு!" என்று கத்தினார்.

யாரும் அசையவில்லை.

"சோறு போட்டுட்டுத் தொரத்தறீங்களா?" என்றார் மண்டோர்.

வேறு வழியில்லாமல் அவர் தட்டை எடுத்தார். கடைசி வரிசை வாசலுக்குப் பக்கம் என்பதால் அங்கிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் எழுந்து, துண்டை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையாலும் வாங்கி, "சாப்பாடு ரொம்பப் பிரமாதம்" என்று சொன்னார். ஒரு கிழவர் சாம்பாரில் என்ன பருப்பு என்று விசாரித்தார். அவர் இருபத்து மூன்றாவது ஆள். அப்போது பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்கு மணியடித்தார்கள். மழை நின்ற ஊரில் அது மிகத் தெளிவாகக் கேட்டது.

மருதப்பன் தட்டோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மண்டோர் துரைசாமி முன்வரிசையிலிருந்து அவர் எதிரே வந்து, நீட்டிய கைகளுடன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெறுங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மருதப்பனுக்கு அறுபத்தொரு ஓட்டு. டெபாசிட் போயிற்று. தனசேகரன் ஜெயித்துக் குழாய்த்தண்ணீரைப் பற்றிப் பேசப் போய்விட்டார். சோற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதியவர் மண்டோர். மனு எழுதுபவரிடம் போய், தேர்தல் அதிகாரிக்கு நாலு பக்கம் எழுதச் சொன்னார். முறைப்படி அழைத்து, இலைபோட்டு உபசரித்துவிட்டு, முன்வரிசையில் இருந்த பெரிய மனிதருக்கு வெற்றிலை மறுத்து அவமதித்த குற்றத்துக்குத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மூன்றேமுக்கால் பக்கம் இருந்தது. சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை, பாத்திரங்களில் பூவம்மா சாப்பாட்டுக்கடை என்று பெயர் இருந்ததால் ருசிக்குக் கேட்பானேன் என்று ஒரு வரி. அதிகாரி அந்த ஒரு வரியின் அடியில் மட்டும் சிவப்புக் கோடு போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒன்றும் சாப்பிடவில்லை. அண்டாவைக் கவிழ்க்கச் சொல்லிக் கழுத்தில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். போகும்போது ஒருவர் கண்ணாடிச் சட்டத்துக்கு முன் நின்று லைசென்சின் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஊதுபத்திப் புகை மூக்கில் ஏறி அவர் தும்மினார்.

அன்று சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் மருதப்பன் வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். அதைப் பளிங்கு மேஜையில் விரித்து, ஈரம் படாமல் ஒரு டம்ளரை வைத்தார். பூவம்மா பாத்திரங்களைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வக்கீலைப் பாத்துட்டு வரேன். ஒண்ணும் பயப்படாதேன்னாரு."

அவள் சாம்பார் வாளியை மாட்டினாள்.

"அந்தச் சாப்பாடு நான் போட்டதுன்னு ஆச்சுன்னா எனக்குத் தண்டனையாம். பல வருஷம் எந்தத் தேர்தல்லயும் நிக்க முடியாதாம். அறுபத்தொரு பேரு என்னை நம்பிப் போட்டிருக்கான் பூவம்மா, அவனையெல்லாம் கைவிட முடியுமா? அதே, நீ அம்மனுக்கு வேண்டிக்கிட்டு அன்னதானம் போட்டே, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆச்சுன்னா, விஷயம் முடிஞ்சுது. பாத்திரத்துலயும் உன் பேருதான் இருக்கு. பொருத்தமா இருக்கும்ன்றாரு."

வெளியே ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போயிற்று.

"கடைக்கு வெளிய சமைச்சதுக்கு லைசென்சைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துக்குவாங்களாம். மிஞ்சிப்போனா ஒரு வருஷம். திருப்பிக் குடுக்காமலா போயிடுவாங்க? அடுத்த தடவை நான் சபைக்குள்ள போனதும் முதல் வேலை உன் லைசென்சுதான். சட்டத்தைக்கூட நான் கழட்டல பாரு, அங்கயேதான் இருக்கு."

பூவம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சட்டத்தைப் பார்த்தாள். அதன் அடியில் சாய்ந்திருந்த நாலு எழுத்துகளைப் பார்த்தாள். மருதப்பன் பேனாவின் மூடியைக் கழற்றி, ஓரத்தில் ஒரு கோடு கிழித்து எழுதுகிறதா என்று பார்த்து, அவள் பக்கம் நீட்டினார்.

"உனக்குத்தான் நல்லாக் கையெழுத்துப் போட வருமே. இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு. போட்டுக் குடு பூவம்மா."